விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரில் டியூனிங் கீ மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, நாலைந்து டப்பா நிறைய ஸ்க்ரூ. பத்து வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள், கடலூரிலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவர்கள் என்று பலருடைய கிட்டார்கள் அந்த மேஜைக்கு வந்து போகின்றன. பெரும்பாலும் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார்கள்தான். வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றேதான்: "அண்ணா, சுருதி நிக்கவே மாட்டேங்குது, கீ மாத்திடலாமா?" அதையொட்டி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கீ, டியூனர், மெஷின் ஹெட், பெக். எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். நம் ஊரில் 'கீ' என்றால் எல்லோருக்கும் புரியும், அதையே வைத்துக்கொள்கிறேன். வீணையின் பிரடை மரத்துக்கு மரம் உரசி, அந்த இறுக்கத்தில் நிற்பது. கிட்டார் கீ அப்படி இல்லை. விரலால் திருகும் குமிழோடு மரை போட்ட ஒரு சின்னத் தண்டு சேர்ந்திருக்கும். அது ஒரு பல் சக்கரத்தைத் தள்ளும், அந்தச் சக்கரம் கம்பி சுற்றும் தண்டைத் திருப்பும். குமிழைத் திருகினால் தண்டு திரும்பும். தண்டைப் பிடித்து இழுத்தால் குமிழ் திரும்பாது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு அது தேவை.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். கீக்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும், விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தான நெக்கும் சேரும் இடத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய பட்டைக்கு 'நட்' என்று பெயர். கீயை இறுக்கும் ஆறுமுனை இரும்பை நான் 'நட்டு' என்று மெக்கானிக் பாஷையில் எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு.

சுருதி நிற்கவில்லை. கீ போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

பல நேரம் இல்லை. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

போன வருடம் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கிட்டாரோடு புது கீ செட் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். சேர்த்து வைத்த காசு. கிட்டாரை வாங்கி, மூன்றாவது கம்பியை மெதுவாக ஏற்றினேன். ஏறவே இல்லை, ஏறவே இல்லை, பிறகு "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம். சுருதி சட்டென்று தாண்டிக் குதித்தது. நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் விஷயம். கீ ஒழுங்காக இழுத்துக்கொண்டுதான் இருந்தது; கம்பிதான் பள்ளத்தில் வழுக்காமல் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவியது. பென்சிலைச் சீவி, அந்தக் கிராஃபைட் தூளைப் பள்ளத்தில் தேய்த்து, கம்பியைத் திரும்ப உட்கார வைத்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே போனது. மீதிக்கு, பழைய கம்பியின் உறையையே மடித்துப் பள்ளத்தில் இரண்டு தடவை உரசினேன். புது கீ செட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

ஆகவே செலவு செய்வதற்கு முன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்யுங்கள். முதலில், நட் பட்டைக்கும் கீ தண்டுக்கும் நடுவில் உள்ள கம்பியை விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். விட்ட பிறகு சுருதி முன்பைவிடக் கூடி நின்றால், கம்பி நட்டில் மாட்டுகிறது. அடுத்து, பெண்டிங் (வாசிக்கும்போது கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுவது) நாலைந்து தடவை செய்து பாருங்கள். சுருதி இறங்கினால் தண்டில் கம்பி சுற்றிய விதத்தைப் பாருங்கள்: ஒரு சுற்றோடு நின்றிருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்திருக்கிறதா? அப்படிச் சுற்றிய கம்பி ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் நழுவும். கம்பி போட்டு இரண்டு நாள்தான் ஆகிறதென்றால், அது இன்னும் இழுபடுகிறது, அவ்வளவுதான்.

இவ்வளவும் சரி என்றால் இப்போது கீயைச் சந்தேகப்படலாம். குமிழைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். தண்டு அசையாமல் குமிழ் மட்டும் கால் சுற்று போய் வருகிறதா? உள்ளே பல் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. தண்டின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராக மரத்தில் ஒரு துண்டு டேப்பில் இன்னொரு கோடு போடுங்கள். சுருதி சேர்த்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கோடு நகர்ந்திருந்தால் கீ நழுவுகிறது. கோடு அப்படியே இருந்து சுருதி மட்டும் இறங்கியிருந்தால், கீயின்மேல் பழி போடாதீர்கள். மேலே சொன்னேன் இல்லையா, கம்பி இழுத்துத் தண்டு தானாகத் திரும்பாது. விலை குறைந்த கீயில்கூடப் பல் உடையாதவரை அது நடப்பது அரிது.

பிறகு ஏன் எல்லோரும் விலை குறைந்த கீ சுருதி நிற்காது என்கிறார்கள்?

அந்த இடைவெளிதான் காரணம். சுருதி கூடிவிட்டது என்று குமிழைப் பின்னால் திருப்பி இறக்கி, அங்கேயே நிறுத்துகிறோம். அப்போது மரைக்கும் பல்லுக்கும் நடுவில் காலி இடம் இருக்கும். இரண்டு தடவை ஓங்கி வாசித்தால் கம்பி அந்தக் காலி இடத்தை இழுத்து மூடும். சுருதி இறங்கும். இதற்கு மருந்து ஒரு பழக்கம்: எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். கூடிவிட்டால் தாராளமாக இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி வந்து நிறுத்துங்கள். எங்கள் தெருவில் இதை ஒரு வாரம் பழகிவிட்டு "கீ மாத்த வேணாம்ணா" என்று சொன்னவர்கள் உண்டு.

அப்படியானால் எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

பல் உடைந்து குமிழ் வெறுமனே சுற்றும்போது. தண்டு வளைந்தபோது. தண்டின் நுனியை விரலால் தள்ளினால் புஷ்ஷுக்குள் (ஓட்டையில் தண்டைச் சுற்றி உட்காரும் வளையம்) கடகடவென்று ஆடும்போது. துருவேறி ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு, அந்த இடம் தாண்டியதும் சரேலென்று போகும்போது. குமிழ் உடைந்து இடுக்கி வைத்துத் திருகுகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் என்னென்ன அளக்க வேண்டும்?

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். முதல் தடவை ஒரு செட் வாங்கும்போது படத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, ஆறும் ஒரே பக்கமா என்று பார்த்து வாங்கினேன். பார்சல் வந்ததும் பார்த்தால் தண்டு ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. என் கிட்டாரின் ஓட்டை 10 மி.மீ., வந்த செட் பழைய பாணி 8.5 மி.மீ. ஓட்டைக்கானது. விற்றவர் அளவை எழுதியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் முதலில் ஒரே ஒரு கீயைக் கழற்றிக் கையில் எடுங்கள். ஹெட்ஸ்டாக்கை முன்பக்கமாகப் பாருங்கள். தண்டைச் சுற்றி ஆறுமுனை நட்டும் வாஷரும் இருந்தால் அநேகமாக ஓட்டை 10 மி.மீ. நட்டு இல்லாமல் மரத்துக்குள் அடித்து இறக்கிய வழவழப்பான வளையம் மட்டும் இருந்தால் பழைய பாணி, ஓட்டை 8.5 முதல் 8.8 மி.மீ.க்குள் இருக்கும். 'அநேகமாக' என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள். பிளாஸ்டிக் காலிப்பர் போதும். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் இருக்கும்.

ஓட்டை முடிந்ததா, அடுத்து பின்பக்கம். கீ சுற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும். அது செங்கோணத்தில் இருக்கிறதா, சாய்வாக 45 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் ஸ்க்ரூவே இருக்காது, பின்னால் இரண்டு முளைகள் மரத்தில் குத்தி நிற்கும். பழைய பாணியில் பக்கத்துப் பக்கத்துக் கீக்கள் ஒரே ஸ்க்ரூவைப் பகிர்ந்துகொள்ளும். புதுசும் அதே வகையாக இருந்தால் பழைய ஓட்டையே உதவும், புதிதாகத் துளை போடும் வேலை மிச்சம். தேடும்போது இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். பெட்டியின்மேல் எந்தப் பெயர் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

பக்கத்தையும் கவனியுங்கள். கிட்டாரை நிமிர்த்தி, முகம் உங்களைப் பார்க்கும்படி வைத்தால், ஒரே வரிசை ஹெட்ஸ்டாக்கில் குமிழ்கள் வழக்கமாக உங்கள் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹெட்ஸ்டாக் தலைகீழாக உள்ள மாடலுக்கு எதிர்ப்பக்கச் செட் வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இருந்தால் மூன்று இடது, மூன்று வலது. கடைசியாக ஹெட்ஸ்டாக்கின் தடிமன். முன்னாலிருந்து முடுக்கும் புஷ்ஷின் மரை அந்தத் தடிமனைத் தாண்டிக் கீயை எட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று மரையில் தொங்கும்.

14:1, 18:1 என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

14:1 என்றால் குமிழை 14 சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று சுற்றும். தண்டின் குறுக்களவு சுமார் 6 மி.மீ. என்று வையுங்கள், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 19 மி.மீ. கம்பியை இழுக்கும். அப்படியானால் குமிழின் ஒரு சுற்றுக்கு 14:1 கீ ஏறக்குறைய 1.35 மி.மீ., 18:1 கீ 1.05 மி.மீ. இழுக்கிறது. 18-இல் நுணுக்கமாக நிறுத்தலாம், கம்பி மாற்றும்போது கொஞ்சம் அதிகம் சுற்ற வேண்டும். சுருதி நிற்பதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. 15:1 கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

லாக்கிங் கீ போட்டால் சுருதி பூட்டிக்கொள்ளுமா?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. அது பூட்டுவது கம்பியின் நுனியை மட்டும்தான். தண்டுக்குள் ஒரு சின்ன முளை வந்து கம்பியைக் கடித்துப் பிடிக்கும், அதனால் அரைச் சுற்று, முக்கால் சுற்றிலேயே சுருதிக்கு வந்துவிடலாம். சுற்று குறைந்ததால் நழுவுவதற்கு இடம் இல்லை. கம்பி மாற்றுவதும் சீக்கிரம் முடியும். ட்ரெமலோ கையை (கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை ஆட்டும் நெம்புகோல்) அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல பலன் தெரியும். ஆனால் நட் கவ்வுகிற கிட்டாரில் லாக்கிங் கீ போட்டாலும் அதே "டிங்" கேட்கும்.

எடையையும் பாருங்கள். லேசான உடம்புள்ள கிட்டாரில் கனமான ஆறு கீக்களைத் தலையில் ஏற்றினால், தோள் வாரில் மாட்டி நிற்கும்போது நெக் கீழே சாயும். இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். பழைய கீ ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, வாங்கப்போவதன் எடையோடு ஒப்பிடுங்கள்.

எந்தக் கம்பெனி வாங்கலாம்? எவ்வளவு செலவு செய்யலாம்?

ஜப்பானின் கோட்டோ, ஜெர்மனியின் ஷாலர், அமெரிக்காவின் குரோவர் இவையெல்லாம் பேர் பெற்றவை, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் ஏழாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கு அதே அளவு விலையில் கீ போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மூடிய கூடு உள்ள, உள்ளேயே கிரீஸ் அடைத்த சாதாரணச் செட் ஒன்றே அந்தக் கிட்டாருக்குப் பெரிய முன்னேற்றம். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல எலும்பு நட் போட்டு, பள்ளங்களை ஒழுங்காக வெட்டிக்கொள்ளுங்கள். கையில் உள்ள காசை எங்கே போடுவது என்று கேட்டால், நான் நட்டுக்குத்தான் முதலில் கை காட்டுவேன். வாங்கும்போது ஆறையும் குமிழைச் சுற்றிப் பாருங்கள். ஆறும் ஒரே மாதிரி இறுக்கத்தில் சுற்ற வேண்டும்.

ஒரே ஒரு கீதான் உடைந்திருக்கிறது. ஆறையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அதே வகை ஒற்றைக் கீ கிடைத்தால் போதும்.

குமிழ் மட்டும் லூஸாக இருந்தால் மாற்றவே வேண்டாம். குமிழின் நுனியில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். அதைக் கால் திருப்பு முடுக்கினால் இறுக்கம் வந்துவிடும். அதிகம் முடுக்கினால் குமிழ் கல்லாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்.

என்ன கருவிகள் வேண்டும்?

முன்பக்க நட்டுக்கு அநேகமாக 10 மி.மீ. ஸ்பேனர். எந்த பைக் மெக்கானிக்கிடமும் 10-11 ஸ்பேனர் இருக்கும், கேட்டால் கொடுப்பார். கடையில் வாங்கினாலும் பெரிய விலை இல்லை. சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், ஸ்டீல் ஸ்கேல், பென்சில், 1.5 மி.மீ. டிரில் பிட், மாஸ்கிங் டேப், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. பழைய டவல் ஒன்றைச் சுருட்டி நெக்குக்கு அடியில் கொடுங்கள், ஹெட்ஸ்டாக் மேஜையில் இடிக்காது. கட்டிங் பிளையர் கம்பி வெட்ட. அவ்வளவுதான்.

சரி, எல்லாம் வாங்கியாயிற்று. எப்படி மாட்டுவது?

ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் நெக் வளைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒரு மணி நேர வேலைக்கு ஒன்றும் ஆகாது. இறுக்கமாக இருக்கும்போது கம்பியை வெட்ட மட்டும் வேண்டாம், அது முகத்தில் அடிக்கும்.

பின்பக்க ஸ்க்ரூக்களை முதலில் எடுத்துவிட்டு, முன்பக்க நட்டுகளைத் தளர்த்துங்கள். ஸ்பேனர் வழுக்கினால் பெயிண்டில் கோடு விழும், ஆகையால் நட்டைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். அடித்து இறக்கிய வளையமாக இருந்தால், ஓட்டையைவிடக் கொஞ்சம் மெல்லிய மரக்குச்சியைப் பின்னாலிருந்து நுழைத்து மெதுவாகத் தட்டுங்கள். வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் நிறுத்தி, மறுபக்கம் தட்டுங்கள். அவசரப்பட்டால் வளையத்தோடு பெயிண்டும் சில்லாகப் பெயரும்.

புதுக் கீக்கள் ஆறையும் உள்ளே நுழையுங்கள். வாஷரையும் நட்டையும் கையால் மட்டும் முடுக்குங்கள். இப்போது பின்பக்கம் ஸ்டீல் ஸ்கேலை ஆறு கீக்களின் முதுகோடு ஒட்டி வைத்து ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டால் பிறகு ஒன்று மட்டும் கோணலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். நேராக்கியதும் ஸ்பேனரால் கால் திருப்பு, அதற்கு மேல் வேண்டாம். வாஷர் மரத்துக்குள் இறங்கத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது.

அப்புறம் அந்தச் சின்ன ஸ்க்ரூ. நான் மிகவும் வருத்தப்பட்ட இடம் இது. ஆரம்பத்தில் ஒரு பையனின் கிட்டாரில் துளை போடாமலே ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினேன். ஹெட்ஸ்டாக் கெட்டியான மேப்பிள் மரம், ஸ்க்ரூவின் தடிமன் 2 மி.மீ.தான். பாதி இறங்கியதும் இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். கையில் ஒரு நொடி கனம் கூடியது, உடனே காற்று போல லேசானது. டிரைவரின் நுனியில் ஸ்க்ரூவின் தலை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது, உடம்பு மரத்துக்குள் நின்றுவிட்டது. அந்தப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பரவால்லண்ணா" என்றான். அந்த உடைந்த துண்டைச் சுற்றி மரத்தைக் குடைந்து எடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

அதனால் கீயின் காதில் உள்ள ஓட்டை வழியாகப் பென்சிலால் குறி வையுங்கள். 1.5 மி.மீ. பிட்டில், ஸ்க்ரூவின் நீளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக அளந்து, அந்த இடத்தில் டேப் சுற்றுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினால் பிட் முன்பக்கம் எட்டிப் பார்க்காது. ஸ்க்ரூவின் மரையை மெழுகுவர்த்தியில் ஒரு தடவை உரசிவிட்டுக் கையால் முடுக்குங்கள். கீயைத் தாங்குவது முன்பக்க நட்டுதான். இந்த ஸ்க்ரூ அது சுற்றாமல் தடுப்பதோடு சரி. ஆகவே உட்கார்ந்ததும் விட்டுவிடுங்கள்.

புதுக் கீ பெரிது, ஓட்டை சின்னது. டிரில் மெஷினால் பெரிதாக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஓட்டையில் பெரிய பிட்டை ஓட விட்டால் அது மரத்தைக் கவ்விப் பிடுங்கும். முன்பக்கப் பெயிண்ட் பாளம் பாளமாகப் போகும், சில சமயம் ஓட்டைக்கு ஓட்டை விரிசலும் விழும். ரீமர் என்று கூம்பு வடிவக் கருவி ஒன்று உண்டு. கையால் சுற்றி, முன்னாலிருந்து பாதி, பின்னாலிருந்து பாதி என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். நாலு சுற்றுக்கு ஒரு தடவை கீயை நுழைத்துப் பாருங்கள். ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

உங்களிடம் ரீமர் இல்லை, பழகவும் விருப்பம் இல்லை என்றால், ஓட்டைக்குப் பொருந்துகிற செட்டைத் தேடி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஓட்டை பெரிது, கீ சின்னது?

இது சுலபம். 10 மி.மீ. ஓட்டைக்குள் உட்கார்ந்து உள்ளே சின்னத் தண்டைப் பிடிக்கும் மாற்று புஷ் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். டேப் சுற்றி இறுக்கி வைக்காதீர்கள். ஒரு மாதத்தில் பசை உருகி, தண்டு கம்பியின் பக்கம் சாயும்.

பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் வெளியே தெரிகின்றன.

தீக்குச்சி அல்லது பல்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே செருகுங்கள். மறுநாள் பிளேடால் மட்டமாக வெட்டிவிடுங்கள். புது ஸ்க்ரூ பழைய ஓட்டையின் விளிம்பிலேயே வருகிறது என்றால் இப்படி அடைத்த பிறகுதான் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் பிட் பழைய ஓட்டைக்குள் வழுக்கும்.

கம்பியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

தடித்த கம்பிகளுக்கு இரண்டிலிருந்து இரண்டரை, மெல்லியவற்றுக்கு மூன்று. அளக்க ஒரு வழி சொல்கிறேன்: கம்பியை அதன் தண்டுக்கு நேராக இழுத்துப் பிடித்து, அதிலிருந்து இரண்டு தண்டு தாண்டிய இடத்தில் வெட்டுங்கள். ஒரே வரிசைக் கிட்டாரில் தண்டுக்குத் தண்டு சுமார் 25 மி.மீ. இருக்கும். ஆக 50 மி.மீ. கம்பி உபரி, அதுதான் இரண்டரைச் சுற்று. கடைசி இரண்டு கம்பிக்குத் தாண்ட அடுத்த தண்டு இருக்காது, அங்கே ஸ்கேல் வைத்து 50 முதல் 60 மி.மீ. விடுங்கள்.

சுற்றும்போது கம்பி தண்டின் உள்பக்கமாக, அதாவது குமிழுக்கு எதிர்ப்பக்கமாக வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே போக வேண்டும். கீழே போகப் போக நட் பட்டையின்மேல் கம்பி அழுத்தமாக உட்காரும். சில செட்டுகளில் தண்டுகள் படிப்படியாக உயரம் குறைந்து வருவதும் இதற்காகத்தான். அவற்றில் உயரமானது ஆறாவது கம்பிக்கு, குட்டையானது முதல் கம்பிக்கு. மாட்டும்போது கலந்துவிடாதீர்கள்.

சுருதிக்கு வந்ததும், பன்னிரண்டாவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடு) பக்கம் கம்பியை விரலால் தூக்கி இழுத்து, மறுபடி சேருங்கள். இப்படி நாலு தடவை. அதன் பிறகு நிற்கும்.

கடல் காற்றுக்குக் கீ துருப்பிடிக்கிறது. என்ன செய்ய?

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் இது தினசரிப் பிரச்சினை. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு கிட்டாரில் கம்பிகள் மூன்று வாரத்தில் செம்பழுப்பாகி இருந்தன. கீயின் கூடு அநேகமாகத் துத்தநாகக் கலவை. மேலே உள்ள முலாம் பொத்தலானதும் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கிட்டார் ரெக்சின் உறைக்குள் அலமாரியின்மேல் இருந்தது. தண்ணீர் அதைத் தொடவில்லை. ஆனால் வீடு முழுக்க ஈரம், மின்சாரம் இல்லை, உறையைத் திறக்க யாருக்கும் நேரமும் இல்லை. பத்து நாள் கழித்துத் திறந்தபோது ஆறு கீக்களிலும் உப்பு பூத்தது போல வெள்ளை. இரண்டு குமிழ்கள் அசையவே இல்லை. மழைக்காலத்தில் உறைக்குள் அடைத்து வைப்பதைவிடச் சுவரில் காற்றாடத் தொங்கவிடுவது மேல்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கீக்களையும் துடையுங்கள். கம்பியைத் துடைக்கும் கை அப்படியே மேலே போக வேண்டும், அவ்வளவுதான். பல் சக்கரம் வெளியே தெரியும் கீ என்றால் பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள், தூசி பிடித்துப் பிசினாகும். மூடிய கீக்கு எண்ணெயே வேண்டாம்.

கீ மாற்றிய பிறகும் மழைக்காலத்தில் சுருதி மாறுகிறதே?

அது மரம். காற்றில் ஈரம் கூடினால் மரம் ஊதும், குறைந்தால் சுருங்கும். நெக் இம்மியளவு நகர்ந்தாலே கம்பிக்குத் தெரிந்துவிடும். ஏசி அறையில் சேர்த்த கிட்டாரை மொட்டை மாடிக்குக் கொண்டு போனாலும் இதுதான். வெயிலில் கம்பி சூடாகித் தளரும், சுருதி இறங்கும். ஜூன் 21-ஐ ஒட்டி ஃபெத் தெ லா மியூசிக் என்ற பிரெஞ்சு இசைத் திருவிழாவுக்காகப் புதுச்சேரி வீதிகளில் வாசிக்க வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது: வாசிக்கப்போகும் இடத்தில் கிட்டாரை அரை மணி நேரம் உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு சேருங்கள்.

கழற்றிய பழைய கீக்களை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். ஸ்க்ரூ, வாஷர், நட்டு, குமிழ் எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு, மேலே எந்தக் கிட்டார், ஓட்டை எத்தனை மி.மீ. என்று எழுதி ஒட்டுங்கள். போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அக்கா தன் மகளின் கிட்டாரைக் கொண்டு வந்தார், நாலாவது கம்பியின் கீ உடைந்திருந்தது. அந்த வகை கடையில் இல்லை. என் மேஜைக்கு அடியில் இருந்த டப்பாவில், மூன்று வருடத்துக்கு முன் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன செட்டில் அதே 45 டிகிரி ஸ்க்ரூவோடு ஐந்து நல்ல கீக்கள் இருந்தன. அதில் ஒன்று இப்போது அந்தப் பெண்ணின் கிட்டாரில் இருக்கிறது.